முகம் பார்த்து ஊற்றிய மருந்து

கம்பவுண்டரம்மா கடைவீதியில் வந்தால் சேந்தமங்கலத்து ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. வணக்கம் சொல்வார்கள், வழி விடுவார்கள், மளிகைக்கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார். ஆனால் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே செய்வார்கள். கைக்குழந்தைக்காரிகள் முந்தானையை இழுத்துப் பிள்ளையை மூடிவிடுவார்கள். அவர் கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை ஒதுக்கியபடி, யாரையும் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருப்பார்.

நான் ஊருக்குப் புதிது. நின்று வேடிக்கை பார்த்தேன். நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மாள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"அங்க பாக்காத புள்ள. அந்தம்மா ஒருக்கா மூஞ்சியப் பாத்துச்சுன்னா தெரிஞ்சு போயிரும்."

"என்னங்க தெரிஞ்சு போகும்?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

அந்தக் கம்பவுண்டரம்மாவிடம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன்.

உலகச் சண்டை நடந்த காலம் அது. ஆட்டையாம்பட்டியில் எங்கள் தறி நூல் இல்லாமல் நின்றுபோயிருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம் என்பதால் கரி சுடுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். என் வீட்டுக்காரர் கொல்லிமலை அடிவாரத்துக்குக் கரி சுடப் போனார். அவரோடு நானும் சேந்தமங்கலத்துக்கு வந்தேன். பாவு ஓட்டிய கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்திருந்தேன். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரியும். பண்ணைக்காரர் ஒருவர் நடத்திய தர்ம ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் அறைக்கு ஒரு பெண் வேண்டும் என்றார்கள். போனேன்.

அங்கே இருந்த டாக்டர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். நாமக்கல்லில் இருந்து ஒரு வயதான டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்து, ஆபத்தான கேஸ்களைப் பார்த்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி என்றால் கம்பவுண்டரம்மாதான். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நெட்டை. இழுத்துச் சீவிய முடி, முழங்கை வரை ரவிக்கை, இடுப்பில் விஷ அலமாரிச் சாவி. எல்லாரும் கம்பவுண்டரம்மா என்று கூப்பிட்டதால் அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை. எனக்குப் பெயர் தெரியும். அவருடைய ஆட்கள் அந்தப் பக்கம் இன்னமும் இருக்கிறார்கள் என்பதால் இங்கே அது வேண்டாம்.

என்னை நேர்காணல் செய்ததும் அவர்தான். மூன்று சீசாக்களை எடுத்து வைத்து லேபிளைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பிறகு ஜன்னல் பக்கம் வரச் சொன்னார். ஆள்காட்டி விரலை என் மோவாயில் கொடுத்து முகத்தைத் தூக்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, அன்பும் இல்லை. துணிக்கடையில் இழை பார்ப்பதுபோல இருந்தது.

"தாங்கும்," என்றார். "நாளைக்கு வெள்ளன வந்துரு."

எதைத் தாங்கும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

முதலில் சீசா கழுவுகிற வேலை. மருந்துக்கு வருபவர்கள் சீசாவை வீட்டிலிருந்துதான் கொண்டுவருவார்கள். விளக்கெண்ணெய் சீசா, சாராயச் சீசா, மண்ணெண்ணெய் நாற்றம் போகாத சீசா எல்லாம் வரும். சாம்பலும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் கழுவி அவரிடம் கொடுத்தால் வாங்க மாட்டார். "மூக்க உடு அதுக்குள்ள" என்பார். வாசனை இருந்தால் மறுபடி கழுவ வேண்டும்.

பிறகு அளக்கப் பழக்கினார். அவுன்ஸ் கிளாசைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடிக்க வேண்டும், குனிந்து பார்க்கக் கூடாது. மருந்து ஊற்றும்போது சீசாவின் லேபிள் உள்ளங்கைப் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் வழிகிற சொட்டு எழுத்தை அழிக்காது. சீசாவை எடுக்கும்போது ஒரு தரம், திருப்பி வைக்கும்போது ஒரு தரம் லேபிளை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு நாள் நான் மனதுக்குள் படித்தேன். கலந்த மருந்து முழுவதையும் வாங்கி ஜலதாரையில் கொட்டிவிட்டார்.

"மனசுக்குள்ள படிக்கறவ மனசுக்குள்ள இருக்கறதத்தான் படிப்பா. வாயத் தொறந்து படி."

கொட்டிய மருந்துக்காக அன்று இரண்டு பேர் வெயிலில் காத்திருந்தார்கள். அவருக்கு அதுவும் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கொட்டினார்.

அன்பில்லாதவர் என்று சொல்லிவிட முடியாது. திராவகம் தெறித்து என் மணிக்கட்டு வெந்தபோது சோடா உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தார். எரிச்சல் அடங்கும்வரை கையை விடவில்லை. "அழு அம்மிணி, இங்க ஆரும் இல்ல" என்று சொன்னார். மத்தியானம் தன் சோற்றில் பாதியை என் பக்கம் தள்ளிவிடுவார். நான் முழுகாமல் இருக்கிறேனோ என்று வீட்டுக்காரம்மாளுக்கு முன்னால் சந்தேகப்பட்டதும் அவர்தான். இல்லை என்றான பிறகு என்னைவிட அதிகமாக வாடியதும் அவர்தான்.

ஆனால் அந்தப் பார்வை இருந்ததே.

மலைக்காய்ச்சல் பருவம் வந்தது. கார்த்திகை வரை அது விடாது. அடிவாரத்திலிருந்தும் மலை மேலிருந்தும் ஆட்களைத் தூளி கட்டியும் கட்டிலில் போட்டும் கொண்டுவருவார்கள். ஒவ்வொருவரிடமும் அவர் முதலில் செய்கிற காரியம் மோவாயைத் தூக்குவது. என்ன செய்கிறது, எத்தனை நாளாகிறது என்று கேட்க மாட்டார். முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்புவார். கண் ரப்பையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். மூக்கின் இரண்டு பக்கமும், உதட்டு ஓரமும், பிறகு மறுபடி கண். லேசான காய்ச்சல் என்றால் கஞ்சியும் பொட்டலமும் சொல்லி அனுப்பிவிடுவார். மற்றவர்களுக்கு இரண்டில் ஒன்று. "சரியாப் போயிருஞ் சாமி" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் "சீசாவக் குடுங்க" என்று கை நீட்டுவார்.

சரியாகிவிடும் என்று அவர் சொன்னவர்கள் தேறினார்கள். சொல்லாதவர்களைப் பெரும்பாலும் நாங்கள் மறுபடி பார்க்கவில்லை.

ஊர் பயந்தது இதற்குத்தான். அந்த மூன்று சொல்லுக்காகக் காலில் விழுந்தவர்கள் உண்டு. பண்ணைக்காரருக்கு நெருங்கின சொந்தக்காரர் ஒருவர், மனைவியை வில்வண்டியில் கொண்டுவந்தார். கம்பவுண்டரம்மா பார்த்தார். கை நீட்டினார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க," என்றார் அந்த மனிதர். "என்ன வேணும்னாலும் செய்யறேனுங்க. அவ காதுல உழுகற மாதிரி ஒரு வார்த்தை."

"சீசாவக் குடுங்க."

அந்த அம்மாள் வண்டியில் ஏறும்போதே அழுதுகொண்டு போனாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சங்குச் சத்தம் கேட்டது. கம்பவுண்டரம்மா அப்போது பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பு பிசகவில்லை.

எனக்கும் அந்தப் பார்வையைப் பழக்கினார். மருந்து கலக்குவதைப் போல அதுவும் வேலையில் ஒரு பகுதி என்றுதான் முதலில் நினைத்தேன். "காச்சக்காரங்கிட்ட என்ன செய்யுதுன்னு கேக்காத. அவன் பயத்துல கூட்டிச் சொல்லுவான், இல்ல கொறச்சுச் சொல்லுவான். மூஞ்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது," என்பார். ஆள் போனதும் என் பக்கம் திரும்பி "இது?" என்று மட்டும் கேட்பார். நான் சொல்வேன். ஒத்துப்போனால் தலையசைப்பார். போகப் போகப் பெரும்பாலும் ஒத்துப்போனது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எதிரே வருகிறவர்கள் முகத்தைத் தானாகவே கண் அளந்தது. ஒரு நாள் சோறு போடும்போது என் வீட்டுக்காரர் "எதுக்குடி இப்படிப் பாக்கற?" என்றார். பார்க்கிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

காலையில் நான் வந்ததும் முதல் வேலை நிலவேம்பு கொதிக்க வைப்பது. பெரிய ஈயப் பாத்திரம் நிறைய. அதை வடிகட்டி, துளி வெல்லப்பாகு விட்டு, ஒரு பெரிய சீசாவில் ஊற்றி வைப்பேன். மலைக்காய்ச்சலுக்கான கொயினா மருந்தை அவரே கலந்து அதேபோல ஒரு சீசாவில் வைப்பார். அதிலும் அதே பாகு, அதே நிறம். இரண்டும் ஒன்றுக்கொன்று குறையாத கசப்பு. ஒன்று அவருடைய இடது பக்கம், ஒன்று வலது பக்கம். எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு "சேத்திக் குடுக்கறதுக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு நாள் காலையில் மலையிலிருந்து ஒருவர் தன் மகளைக் கம்பளித் தூளியில் தூக்கி வந்தார். பதினேழு, பதினெட்டு வயதுப் பெண். உதடு வெளுத்து, கண் எங்கேயோ நின்றிருந்தது. கம்பவுண்டரம்மா பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சீசாவை வாங்கி ஊற்றிக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் ஒரு வண்டிக்காரர். அவரிடம் "சரியாப் போயிருஞ் சாமி" என்று சொல்லி அவருக்கும் ஊற்றிக் கொடுத்தார். இருவருடைய சீசாவுக்கும் அளவுக் காகிதம் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. ஜன்னல் கட்டையில் வைத்து ஒட்டினேன். அப்போது வெயில் நேராக அடித்தது.

வண்டிக்காரருடைய சீசாவில் மருந்தின் விளிம்பு நீலமாக மின்னியது. கொயினாக் கரைசலை வெயிலில் பிடித்தால் அப்படி ஒரு நீலம் தெரியும். அதை எனக்குக் காட்டித் தந்தவர் அவர்தான். அந்தப் பெண்ணின் சீசாவைத் தூக்கிப் பிடித்தேன். திருப்பிப் பார்த்தேன். வெறும் பழுப்பு. காலையில் நான் கொதிக்க வைத்த நிலவேம்பு.

மகளைத் தூளியில் போட்டுக்கொண்டிருந்த அப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "குடுங்க சாமி, ரொம்பத் தூரம் போவோணும்." கொடுத்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அன்றைக்கு முழுவதும் அவர் எந்தக் கையால் எந்தச் சீசாவை எடுக்கிறார் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னவர்களுக்கு வலது. சொல்லாதவர்களுக்கு இடது. ஒரு தரம்கூட மாறவில்லை.

கூட்டம் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, அந்த மலைப்புள்ளைக்குக் கொயினா ஏன் குடுக்கல?"

அவர் கிளாசைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"பாத்துட்டியா. எப்பத் தெரிஞ்சுக்குவியோன்னு இருந்தேன்."

"நீங்க பாத்துச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நீங்க சொல்றதனாலதான் சாகறாங்களா?"

"உக்காரு."

உட்காரவில்லை. அவர் விஷ அலமாரியைத் திறந்து கொயினா டப்பாவை எடுத்து என் கையில் கொடுத்தார். கனமே இல்லை. ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போன பிறகு கொயினா வருவது நின்றுவிட்டது. வருகிற துளியும் பட்டாளத்துக்குத்தான் என்று எனக்கும் தெரியும். டப்பா இவ்வளவு லேசாக இருக்கும் என்று தெரியாது.

"போன பருவத்துல எல்லாருக்கும் பிரிச்சுப் பிரிச்சுத்தான் குடுத்தேன். ஆருக்கும் பத்தல. கொறக் கொயினா குடிச்சவன் ரெண்டு நாள் எந்திரிச்சு நடப்பான், மூணாம் நாள் மறுக்கா உழுவான். ஒரு தெருவுல ஊட்டுக்கு ஒரு பாடை போச்சு. பிரிச்சுக் குடுத்ததுல ஒருத்தரும் பொழைக்கல அம்மிணி. அப்பறந்தான் பாக்கப் பழகுனேன். பொழைக்கறவனுக்கு முழுசா ஊத்தறேன். போறவனுக்கு அது வீண்."

"போறவங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்கே தெரியுதே. காலைல அந்தப் புள்ளையப் பாத்ததும் உன்ற மூஞ்சி செத்துப்போச்சு. நான் பாத்தேன்."

உண்மைதான். நானும் அவளை அந்தப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன்.

"அப்படின்னா மருந்து இல்லன்னு சொல்லிரலாமே. எதுக்கு நிலவேம்பு?"

அவர் முதல் தடவையாக என் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "அத்தன தூரம் தூக்கிட்டு வாராங்க. வெறுங்கையோட எப்படி அனுப்பறது?"

டாக்டர் வந்த நாளன்று அவரிடம் சொன்னேன். வராந்தாவில் நாற்காலி போட்டுக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல காப்பியை ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தோட்டத்தைப் பார்த்தார்.

"நான் அந்த ரூமுக்குள்ள போறதில்லம்மா. கவனிச்சிருக்கியா?" என்றார். "மேல எழுதிக் கேட்டாச்சு, இல்லேங்கறாங்க. இருக்கறத வெச்சு அந்தம்மா சமாளிக்குது. எப்படின்னு நான் கேட்டா நான் பதில் சொல்லியாகணும். உங்கிட்ட வேற வழி இருந்தா சொல்லு, கேக்கறேன்."

என்னிடம் இல்லை. அவர் காப்பியை முடித்துவிட்டுக் கிளம்பினார்.

வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்த நாளில் என் வீட்டுக்காரரைக் கரிச் சூளையிலிருந்து கொண்டுவந்தார்கள். மாட்டு வண்டியில் சாக்குக்கு மேல் சுருண்டு கிடந்தார். பல் கிட்டிக்கொண்டிருந்தது. கரி படிந்த முகத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. வரிசையில் நின்றவர்கள் வழி விட்டார்கள். கம்பவுண்டரம்மா ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்தார். கரி போனால்தானே பார்க்க முடியும்.

மோவாயைத் தூக்கினார். ஜன்னல் பக்கம் திருப்பினார். கண் ரப்பையை இழுத்தார். நான் கம்பவுண்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தால் எனக்கும் தெரிந்துவிடுமே. கம்பவுண்டரம்மா மற்றவர்களைப் பார்த்ததைவிட அதிக நேரம் பார்த்தார். வெளியே யாரோ இருமினார்கள். அவருடைய வாய் திறந்து மூடியது.

"சரியாப் போயிருஞ் சாமி," என்றார்.

வலது கைச் சீசா. என் காதோரம் வந்து, "உன்ற ஊட்டுக்காரர்னு குடுக்கல. மூஞ்சில இருக்குது, அதனால குடுத்தேன்," என்றார். எனக்காகக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தால் அவரை வெறுப்பதற்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். அதற்கும் இடம் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பதினைந்து நாளில் எழுந்து நடந்தார். நான் வேலையை விடவில்லை.

தை பிறந்த பிறகு ஒரு முற்பகல். காய்ச்சல் கூட்டம் குறைந்திருந்தது. தலையில் கூடையோடு ஒரு பெண் வராந்தா ஏறி வந்தாள். கூடை நிறைய அன்னாசிப்பழம். இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

"என்னயத் தெரியலீங்களா? அப்பன் தூளில கொண்டாந்துச்சுங்களே."

அதே பெண்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மூக்கின் ஓரத்தில் புது மூக்குத்தி.

கம்பவுண்டரம்மா பொட்டலத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவள் மோவாயைத் தூக்கினார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நின்றாள்.

"என்ன மருந்து குடிச்ச?"

"நீங்க குடுத்ததுதானுங்க."

"வேற? மலைல ஆராச்சும் வைத்தியம் பண்ணுனாங்களா? வேற ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?"

"எங்கீங்க போறது? உங்க மருந்துதானுங்க. கசப்பா இருந்துச்சு. தீந்த பொறகு கஞ்சி குடிச்சேன். ஒரு நா எந்திரிச்சு உக்காந்தேனுங்க, அவ்வளவுதான். எங்கூர்ல எல்லாரும் காச்சலுன்னா இனி உங்ககிட்டத்தான் வாரதுன்னு பேசிக்கறாங்க."

அவள் போன பிறகு கம்பவுண்டரம்மா பெஞ்சியில் உட்கார்ந்தார். அன்னாசி வாசனை அறை முழுக்க இருந்தது. ஒரு பழத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் அதன் முள்ளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிழைத்தவளைக் கண்டு ஒரு மனுஷி இப்படி இடிந்துபோவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அன்று மத்தியானம் வந்த முதல் ஆளின் மோவாயைத் தூக்கினார். விட்டார். மறுபடி தூக்கினார். இடது கைச் சீசாவைத் தொட்டார், எடுக்கவில்லை. வலது கைச் சீசாவைத் தொட்டார். வந்த ஆள் பயந்துபோய் "என்னங்க? என்னங்க?" என்றான்.

கம்பவுண்டரம்மா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீ பாரு."

"நான் பாக்க மாட்டேனுங்கக்கா."

"பின்ன எப்படிக் குடுப்ப?"

"வரிசைப்படி. முன்னால வந்தவங்களுக்கு முன்னால. தீந்துபோனா இல்லேன்னு சொல்லிருவேன்."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை அது. "வரிசைல முன்னால வாரவன் ஆரு? நடக்க முடிஞ்சவன். வண்டி வெச்சிருக்கறவன். தூக்கிட்டு வர ஆள் இல்லாதவ கடைசிலதான் வருவா. அப்ப டப்பா காலியா இருக்கும். நீ மூஞ்சியப் பாக்கலேன்னா மட்டும் ஆரு பொழைக்கறதுன்னு நீ முடிவு பண்ணாத மாதிரி ஆயிருமா?"

ஆனாலும் சாவியை வாங்கி வரிசைப்படியே கொடுத்தேன். அவர் குறுக்கே நிற்கவில்லை. மறுநாள் காலையில் நான் போனபோது மேசை துடைத்திருந்தது. அவுன்ஸ் கிளாசுகள் கவிழ்த்து வைத்திருந்தன. குடை இல்லை. சொல்லாமல் போய்விட்டார்.

டாக்டர் வந்து விசாரித்தார். "சாவி உங்கிட்டத்தானே இருக்குது? அப்பறம் என்ன," என்றார். எனக்கு முதல் கம்பவுண்டர் வேலை கிடைத்தது இப்படித்தான்.

அடுத்த பருவத்தில் வரிசைப்படி கொடுத்தேன். யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல், நீட்டிய சீசாவை மட்டும் பார்த்து ஊற்றினேன். டப்பா காலியானதும் கதவுக்கு வெளியே வந்து கையை விரித்தேன். சாவு குறையவில்லை, கூடியதா என்றும் எனக்குத் தெரியாது. யார் பிழைப்பார்கள் என்று சொல்ல ஆள் இல்லாததால் எல்லாச் சாவும் திடீர்ச் சாவாகத் தெரிந்தது. பேரனைத் தோளில் போட்டு வந்த ஒரு பெரியவர் வெறுங்கையோடு திரும்பும்போது சொன்னார்: "அந்தம்மா இருந்தவரைக்கும் மூஞ்சியவாச்சும் பாத்துக் குடுத்துச்சு. உனக்கு எங்க மூஞ்சியப் பாக்கக்கூட ஆகல."

சண்டை முடிந்து, தேவைக்கு மருந்து வரத் தொடங்கிய பிறகு கம்பவுண்டரம்மாவைத் தேடினேன். பள்ளிபாளையத்தில் பார்த்தோம் என்று ஒருவர் சொன்னார், அது வேறு யாரோ. மலையில் காய்ச்சல் கண்டு போய்விட்டார் என்றும் சொன்னார்கள். கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

கடைசியாக நிச்சயமாகத் தெரிந்தது அந்த அன்னாசிப் பெண் சொன்னதுதான். அவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போய் இரண்டு மாதம் இருக்கும். அவள் மறுபடி கூடையோடு வந்திருந்தாள்.

"அந்தம்மா எங்க ஊருக்கு வந்துச்சுங்க," என்றாள். "குடைய ஊனிக்கிட்டு, தனியா. ஊடு ஊடாப் போயி வாசல்ல நின்னு கேக்குதுங்க. 'இந்த ஊட்டுல இருந்து எங்கிட்ட மருந்து வாங்கிட்டுப் போனாங்களே, அவிய இருக்காங்களா'ன்னு. எங்க ஊரு மட்டுமில்லீங்க, மலைல இருக்கற ஊரெல்லாம் அப்படித்தான் போகுதாம்."

"என்ன பண்ணுனாங்க போயி?"

"செத்துப்போனவங்க ஊட்டுல ஒண்ணும் பேசறதில்லீங்க. சும்மா சித்த நேரம் உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயிருது. உசுரோட இருக்கறவங்களக் கண்டாத்தானுங்க அழுவுது. அவிய கையப் புடிச்சுக்கிட்டு அப்படி அழுவுது. எதுக்கு அழுவறீங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

என் பின்னால் மருந்துக்கு ஆட்கள் நின்றார்கள். நான் கூடைக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இடது கைச் சீசா மருந்தை வாங்கிப் போனவர்கள் பலரை எனக்கு ஊரோடு நினைவிருந்தது. கேட்டேன்.

"அந்தம்மா யார் யார உசுரோட பாத்துச்சு? உனக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லு."

அவள் விரல் மடக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கீழ்ச்சாலையை ஒட்டிய வீட்டுக் கிழவி. தேன் எடுக்கிறவருடைய மருமகள். அவளுடைய கைப்பிள்ளை. இன்னார் தம்பி, இன்னார் மச்சான். ஒரு கை விரல் முடிந்து, மறு கை முடிந்து, மறுபடி முதல் கைக்கு வந்தாள். எனக்கு நினைவிருந்தவரை எல்லாரும் இடது கைச் சீசாக்காரர்கள்.

இரண்டு, மூன்று பெயர்தான் இருக்கும் என்று நினைத்துத்தான் நான் கேட்டேன். அவள் நிறுத்தவே இல்லை.